பஸ் முகத்தில் ஒட்டி வந்த பட்டாம்பூச்சிகள்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. நான் கேட்டது தாவரவியல். அதில் இடம் நிரம்பிவிட்டது, மிச்சம் இருப்பது இதுதான் என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். நாங்கள் சமணர்கள். திருவண்ணாமலையில் எங்களை நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம், தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்குத் தவளை அறுக்கிற படிப்பு.

அப்பாவின் அண்ணன்தான் குடும்பத்துக்குப் பெரியவர். "உயிரை அறுக்குற படிப்பு நம்ம வூட்டுக்கு எதுக்குடா?" என்று பெரியப்பா குதித்தார். தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா, அண்ணன் எதிரே உட்காரக்கூட மாட்டார். ஆனால் எனக்காக அன்றைக்கு வாயைத் திறந்தார். செத்ததைத் தொடலாம், சாகடிக்கத்தான் கூடாது என்று ஒரு தீர்ப்பு சொன்னார். தவளையை அட்டெண்டரே மயக்கமருந்து கொடுத்து முடித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிடுவார், பிள்ளைகள் அறுத்துப் பார்ப்பதோடு சரி என்று விசாரித்து வைத்திருந்தார். பெரியப்பா ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். ஒரு பேப்பரில் கோட்டை விட்டாலும் அதோடு படிப்பு நின்றுவிட வேண்டும். வந்தவாசிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீடு தயாராக இருந்தது. எனக்கோ டிகிரி முடித்து, பி.எட். முடித்து, டீச்சராக வேண்டும். வேறு எந்த ஆசையும் அந்த வயதில் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. மூன்றாம் வருடம் வந்தது பூச்சிப் பெட்டி.

விலங்கியல் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆளுக்கு ஒரு கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி செய்துகொள்ள வேண்டும். அதற்குள் பட்டாம்பூச்சிகளைப் பிடித்து, கொன்று, இறக்கையை விரித்து, குண்டூசியில் குத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், கிடைத்த இடம், தேதி எழுதி, ப்ராக்டிகல் பரீட்சை அன்றைக்கு வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னலிடம் காட்ட வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் ப்ராக்டிகலில் பாஸ் கிடையாது. பூச்சியைப் பிடித்துப் போட ஒரு கண்ணாடிப் புட்டி கொடுத்தார்கள், அடியில் மருந்து நனைத்த பஞ்சு. அதற்குக் கொல்லும் புட்டி என்றே பெயர், ஒளிவு மறைவெல்லாம் இல்லை. நான் அந்தப் புட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. தவளை விஷயத்தில் அப்பா சொன்ன தீர்ப்பையே பிடித்துக்கொண்டேன். செத்த பட்டாம்பூச்சி எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். சிலந்தி வலையில் இரண்டு கிடைத்தன, பாதி தின்றது போக மிச்சம்.

ஆடி மாதம் அம்மாவும் நானும் போளூர் போவதற்காக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். செங்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று எங்கள் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அதன் ரேடியேட்டர் வலைக் கம்பிகளில் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. வண்டு, தும்பி, வெட்டுக்கிளி, நடுவே நுனியில் ஆரஞ்சு நிறம் தீட்டிய வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று, இறக்கை கொஞ்சமும் கிழியாமல். கையை நீட்டி எடுத்தேன். அம்மா, "சீ, ஜனங்க பாக்குது" என்று கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் அது என் கைக்குட்டைக்குள் போயாகிவிட்டது.

அதற்கப்புறம் கல்லூரி விட்டதும் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தாவணி கட்டிய பெண் ஒருத்தி பஸ்ஸின் முகத்தில் மூக்கை உரசிக்கொண்டு நின்றால் சும்மா விடுவார்களா? "என்னாம்மா, ரேடியேட்டர்ல தண்ணி கம்மியா?" என்பார் ஒருவர். "மெக்கானிக்கு வந்துட்டாங்க, எல்லாரும் எறங்குங்க" என்பார் இன்னொருவர். ஜவ்வாது மலைக்குப் போய்வரும் பஸ்ஸின் டிரைவர் மட்டும், நான் வரும்வரை வண்டியின் முகத்தைக் கழுவ விடமாட்டார். "உங்க சரக்கு வந்துகீது, பாத்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். அவர் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

பொறுக்கப் பொறுக்க ஒன்று புரிந்தது. எந்தப் பாடத்திலும் அது அப்படிப் புரிந்ததில்லை. விழுப்புரம் பஸ்ஸும் செங்கம் பஸ்ஸும் கிழக்கும் மேற்குமாக ஓடினாலும் முகத்தில் ஒரே கூட்டம்தான்: சின்ன வெள்ளை, சின்ன மஞ்சள், எருக்கஞ்செடியில் பிறக்கும் செம்மஞ்சள். எல்லாம் வெயில் தாங்கிகள், ஏனென்றால் இரண்டு பக்கமும் காய்கிற பூமி. ஜவ்வாது மலை பஸ்ஸும் ஏறக்குறைய விழுப்புரத்து தூரத்திலிருந்து வருவதுதான். ஆனால் அது மேலே ஏறி இறங்குகிறது. மேலே வெயில் கம்மி, மழை ஜாஸ்தி, ஓடையோரம் நிழல். அதனால் அந்த பஸ்ஸின் முகத்தில் கறுப்பில் நீலக்கோடு போட்டவை, காக்காய் நிறத்தவை, காய்ந்த இலைபோல் மடங்கியவை. நம் ஊர் வெயிலில் ஒரு வாரம் உயிரோடு இருக்காதவை அங்கே அடர்ந்து கிடக்கின்றன என்று அந்தக் கம்பி வலை சொன்னது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. கொன்றை மரங்கள் துளிர்த்தன. பின்னாலேயே கொன்றையில் முட்டையிடும் வெளிர்ப்பச்சைப் பூச்சிகள் எல்லா பஸ்ஸிலும் வந்து குவிந்தன. யார் எங்கே வாழலாம் என்பதை மழையும் உயரமும்தான் தீர்மானிக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் நின்றே அதைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் லெக்சரர் மேடம் ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டார். பூச்சிகளைப் பத்திரமாக வைத்திருந்த காகித மடிப்புகளைப் பிரித்துக் காட்டினேன். "அடடா, இது நல்ல ஐடியாவா இருக்கே! எந்த பஸ்ஸுன்னு லேபிள்ல எழுது. மறந்துடாதே" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை நம்பித்தான் நான் அப்புறம் செய்ததெல்லாம்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பியது. மலையாளக் கரையிலிருந்து வந்த டூரிஸ்ட் பஸ் ஒன்றின் கம்பியில் என் உள்ளங்கையைவிட அகலமான பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. கறுப்பு இறக்கை, பின்பாதி முழுக்க நீலம் வாரி இறைத்தது. புத்தகத்தில் ப்ளூ மார்மன் என்று போட்டிருந்த அதே பூச்சி. ஒரு இறக்கை பாதி போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு அழகு. பாலக்காட்டு வண்டி என்று டிரைவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

என் வகுப்பில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வலையை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் ஓடினார்கள் என்று நினைக்க வேண்டாம். அட்டெண்டரிடம் சொல்லிவைத்தார்கள். அவருடைய மச்சான் ஏற்காட்டுப் பக்கம் இருந்தார். அங்கிருந்து பட்டாம்பூச்சிகள் பார்சலில் வரும். காசு கொடுத்தால் பெட்டியோடு, குண்டூசியோடு, அந்துருண்டையோடு கைக்கு வந்துவிடும். லேபிள் எழுதுவது மட்டும் மாணவர் வேலை. எல்லாரும் 'கல்லூரித் தோட்டம், திருவண்ணாமலை' என்று எழுதினார்கள். தோட்டமாம். ஒரு புங்க மரம், நாலு எருக்கஞ்செடி, சைக்கிள் ஸ்டாண்ட். வருஷா வருஷம் இப்படித்தான் நடந்துவந்தது, கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும்.

பங்குனியில் ப்ராக்டிகல். எக்ஸ்டர்னல் பெரிய ஊரிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, பக்கத்தில் மோர் டம்ளர். மேஜைமேல் வரிசையாகப் பெட்டிகள். ஏற்காட்டுப் பூச்சிகளைக் 'கல்லூரித் தோட்ட'த்தில் பார்த்துக்கொண்டே வந்தார். "குட்", "குட்" என்று மார்க் போட்டார். இறக்கை முழுசாக இருந்தது, லேபிள் சுத்தமாக இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

என் பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கிழிந்த இறக்கைகள். லேபிளைக் குனிந்து படித்தார். "செங்கம் பஸ், ரேடியேட்டர். ஜவ்வாது மலை பஸ், ரேடியேட்டர். பாலக்காடு டூரிஸ்ட் பஸ், ரேடியேட்டர்." தலையை நிமிர்த்தி, "என்னம்மா, நக்கலா?" என்றார்.

"இல்ல சார். எல்லாம் பஸ்ஸுல ஒட்டிக்கிட்டு வந்தது. நான் எதையும் கொல்றதில்ல சார்."

"கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி வேணாமா? யாரோ தூக்கிப் போட்ட பழைய பெட்டியிலேர்ந்து பொறுக்கிக்கிட்டு வந்து கதை விடுறே." ப்ளூ மார்மன்மேல் பேனாவை வைத்தார். "இது எங்க வாழும்னு தெரியுமா? மழைக்காடு. நெறைய மழை வேணும், நெழல் வேணும். காத்துல ஈரம் வேணும். இந்த ஊர் வெயில்ல இது ஒரு நாள் தாங்காது."

"ஆமாம் சார்" என்றேன். "அதனாலதான் செத்து வந்திருக்கு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. நான் எதிர்த்துப் பேசுவதாக நினைத்தார். நானோ அவர் சொன்னதை அப்படியே ஒத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. மழைக்காட்டுப் பூச்சி இங்கே வாழாது. வாழாது என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர், பக்கத்துப் பெட்டிகளில் ஏற்காட்டுக் குளிரில் பிறந்தவை புங்க மரத்தடியில் பிடிபட்டதாக எழுதியிருந்ததற்குக் 'குட்' போட்டிருந்தார். அறிவு அவருக்கு இருந்தது. அதை என் ஒருத்தி தலையில்தான் இறக்கிவைப்பேன் என்று வந்திருந்தார்.

மேடத்தைப் பார்த்தேன். எங்கள் கல்லூரி சார்பில் இன்டர்னலாக அந்த மனிதருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை, "நான் பாத்திருக்கேன் சார்" என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேடம் எக்ஸ்டர்னலின் மோர் டம்ளரை மூடிவைத்தார். ஈ மொய்க்கிறதாம்.

"சரி, நான் கெட்டவன் இல்ல" என்றார் எக்ஸ்டர்னல். "வலை இந்தா, புட்டி இந்தா. வெளிய போய் ஒண்ணே ஒண்ணு பிடிச்சிட்டு வா. என் முன்னால புட்டியில போடு. பாஸ் போட்டுடறேன்."

பங்குனி மாதம் உச்சி வெயில். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். எந்தப் பூச்சி அந்த வெயிலில் வெளியே காயும்? மைதானத்தில் மண் கொதித்தது. மலைப்பக்கமிருந்து அனல் காற்று. வகுப்பே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் மைதானத்துக்குப் போகவில்லை. கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்குப் போனேன். ஈரம் இருந்தால் அந்த வேளையிலும் ஒன்றாவது வரும். வந்திருந்தது. எருக்கஞ்செடிச் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்பும் வெள்ளைப் புள்ளியும். சேற்றில் மூக்கை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. வலையை மெல்லப் போட்டேன், அகப்பட்டுவிட்டது.

உயிரோடு உள்ளே கொண்டுபோனேன். "ப்ளெயின் டைகர் சார். எருக்கு தின்னு வளரும். இந்த ஊர் வெயிலத் தாங்குறது இதுதான்" என்றேன்.

"தெரியுது. புட்டியில போடு."

புட்டியின் மூடியை அவரே திறந்து நீட்டினார். மருந்து நெடி மூக்கில் ஏறியது. வலைத்துணிக்குள் அது படபடப்பது என் விரலில் தெரிந்தது. பெரியப்பா, வந்தவாசி, பி.எட். எல்லாம் தெரிந்துதான் நின்றேன். அந்த நேரத்தில் எனக்குத் தர்மமோ புண்ணியமோ நினைவுக்கு வரவில்லை. இவர் சொல்லி நான் செய்வதா என்ற ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. வலையை ஜன்னல் பக்கம் திருப்பி உதறினேன். பூச்சி வெளியே போய்விட்டது.

"சரி, போ" என்றார். அவ்வளவுதான். மார்க் ஷீட்டில் என்ன எழுதினார் என்பது ரிசல்ட் வந்தபோது தெரிந்தது. எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் நல்ல மார்க், ப்ராக்டிகலில் ஃபெயில்.

பெரியப்பா அன்றைக்கே வந்துவிட்டார். சொன்ன சொல் சொன்னதுதான், வைகாசியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து நின்றார், பிறகு அண்ணன் எதிரே உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவ. அக்டோபர்ல எழுதட்டும். அப்பவும் போச்சுன்னா நீங்க சொல்றபடி" என்றார். பெரியப்பா காப்பியைக் குடிக்காமல் போனார்.

மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். அப்பா தடுத்தார். "வேணாம்மா. அந்த ஆளே திரும்ப வந்தா?" என்றார். வேறு யார் வந்தாலும் கிழிந்த இறக்கைக்கு இதே கதிதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் பெட்டி பொய் இல்லை. திரும்ப அதையேதான் கொண்டுபோவேன் என்று அப்பாவிடம் கத்தினேன். வாழ்க்கையில் அப்பாவிடம் கத்தியது அன்றைக்குத்தான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் சாயந்திரம் நியூஸ் பேப்பர் சுற்றிய ஒரு பெட்டியோடு வந்தார். கூடத்தில் வைத்துப் பேப்பரைப் பிரித்தார். கண்ணாடிக்குள் ஏற்காடு முழுக்க இருந்தது. பெரிய கறுப்பு, பச்சை மின்னுவது, வாலுள்ள வெள்ளை, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. இறக்கையில் தூள்கூடக் கலையவில்லை. பறந்து அடிபட்ட பூச்சிக்கு அப்படி இருக்காது. எதையும் மிதிக்காமல் தரையைப் பார்த்து நடக்கிற என் அப்பா, அட்டெண்டர் வீடு தேடிப் போய், பேசி, வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"லேபிள் மட்டும் நீ எழுதிடும்மா" என்றார்.

எழுதினேன். கல்லூரித் தோட்டம், திருவண்ணாமலை. கல்லூரித் தோட்டம், திருவண்ணாமலை. பேனாவை அழுத்திய அழுத்தில் இரண்டு லேபிள் கிழிந்துபோய்த் திரும்ப எழுத வேண்டியிருந்தது. குளிரும் மழையும் நிழலும் சேர்ந்து உண்டாக்கிய ஜீவன்களை, பங்குனியில் மண் கொதிக்கும் மைதானத்தில் பிறந்ததாக என் கையால் எழுதினேன். பொறுக்கிக்கொண்டு நின்ற மாதங்களில் நான் கற்றதெல்லாம் பொய் என்று நானே கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது.

அக்டோபரில் வேறு எக்ஸ்டர்னல் வந்தார், நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பியூட்டிஃபுல். நீயே பிடிச்சதாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். எங்கள் மேடமும் தலையாட்டினார். இந்தத் தடவை அவருக்கு வாய் இருந்தது. "ரொம்ப சின்சியரான பொண்ணு சார்" என்றார். அந்த வருஷம் கல்லூரியிலேயே ப்ராக்டிகலில் அதிக மார்க் எனக்குத்தான்.

பிற்பாடு நான் டீச்சராகி, உயிரியல் சொல்லிக்கொடுத்து, ரிட்டயரும் ஆனேன். அந்த வேலைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பெட்டிதான். என்னால் அதற்கு நன்றி சொல்ல முடியவில்லை.

மார்க் தெரிந்த அன்று அப்பா கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டு வந்தார். பொழுது இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா கொஞ்சம் பாயசம் வைத்திருந்தாள். பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது, இனி அவர் ஒன்றும் பேச முடியாது, பி.எட்.டுக்கு விண்ணப்பம் வாங்க வேலூர் போகவேண்டும் என்று அப்பா பேசிக்கொண்டே போனார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. இலையில் ஒரு எறும்பு ஏறியது. அதை விரலில் ஏற்றிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் சோற்றில் கை வைக்கவில்லை. ஆறேழு மாதமாக எக்ஸ்டர்னல்மேல், மேடம்மேல், அட்டெண்டர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்பாமேல் திரும்பியது.

"அந்தப் பெட்டியில இருக்கறதயெல்லாம் யாருப்பா கொன்னது?" என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் குற்றமோ வருத்தமோ இல்லை. பயந்துபோன பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, என் தலையில் கையை வைத்தார்.

"நாம இல்லம்மா" என்றார். "நீ சாப்பிடு."